கிணறு இல்லாத வரைபடம்

என் அம்மாவின் நிலத்துக்கு உட்பிரிவு வாங்க ஒன்றரை வருடம் ஆனது. சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். ஒன்றரை வருடம்தானே, எங்களுக்கு ஆறு வருடம் ஆனது என்கிறார்கள். அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடிவதில்லை. ஐம்பதுகளில் நடந்தது. அந்தக் காகிதங்களை எடுத்துப் பார்த்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

போடியிலிருந்து சிலமலை போகிற ரோட்டில் நாலு ஏக்கர் புஞ்சை. என் அப்பாவுக்கும் அவருடைய தம்பிக்கும் சேர்ந்தது. நடுவில் ஒரு கிணறு, அகலமான கிணறு, கோடையிலும் ஓர் ஆள் ஆழம் தண்ணீர் கிடக்கும். அப்பா மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதினார். மாதத்துக்கு ஒருமுறை இறங்கி வருவார். சித்தப்பாதான் ஊரில் இருந்து உழுதார். அண்ணன் தம்பிக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லாத காலத்திலேயே அப்பா பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். மேற்கே இரண்டு ஏக்கர் அவருக்கு, கிழக்கே இரண்டு ஏக்கர் தம்பிக்கு. கிணற்றின் நடுவே எல்லை. கிணறும் தண்ணீர் இறைக்கும் கமலை மாடுகள் ஏறி இறங்கும் தடமும் இருவருக்கும் பொது. இவ்வளவும் அந்தப் பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பத்தியை யாரும் படிக்காததுதான் காரணம்.

பத்திரம் பதிவான இரண்டாம் வருடம் அப்பா மலைக்காய்ச்சலில் தோட்டத்திலேயே இறந்துபோனார். தகவல் வந்து நாங்கள் ஏறிப் போவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. நான் அப்போது ஆசிரியைப் பயிற்சியில் இருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் ஒரே பிள்ளை.

அம்மா நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. ஒரு ஜோடி மாட்டை வைத்துக்கொண்டு சோளமும் நிலக்கடலையும் போட்டாள். கிணற்றில் ஒருநாள் எங்கள் கமலை, மறுநாள் சித்தப்பாவின் கமலை. முறை தவறியதாக ஒரு பேச்சு வந்ததில்லை. எனக்குப் போடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவும் நானும் சித்தப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தோம். அவர் வாரத்துக்கு இரண்டு நாளாவது எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார், கருவாட்டுக்குழம்பு என்றால் தவறாமல் வருவார்.

ஜமீன் போய், சர்க்காரே நேராகப் பட்டா கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியபடி சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: “மதினி, நெலத்த உட்பிரிவு பண்ணிக்கிருவோம். ஒங்க பேருக்கு ஒரு பட்டா, எம் பேருக்கு ஒரு பட்டா. பின்னாடி யாருக்கும் கரச்சல் இல்ல பாருங்க.”

அம்மாவுக்குச் சந்தோஷம். தன் பேரில் ஒரு காகிதம் என்பது அவளுக்குப் பெரிய விஷயம். மனுவில் அம்மா கைநாட்டு வைத்தாள், சித்தப்பா கையெழுத்துப் போட்டார், நான் சாட்சி.

தாலுகா ஆபீஸ் இருந்த ஊருக்கு இரண்டு பஸ்சு மாற வேண்டும். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு நான் அம்மாவோடு போவேன். முதல்முறை போனபோது குமாஸ்தா ஒரு துண்டுக் காகிதத்தில் தேவையானதை எழுதிக் கொடுத்தார். மூலப்பத்திரம், அதன் நகல்கள் மூன்று, வில்லங்கச் சான்று, நிலவரிக் கிஸ்தி கட்டிய ரசீதுகள், ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் கையெழுத்திட்ட அடங்கல் நகல். எல்லாம் பதினைந்து நாளில் சேர்த்துக்கொண்டு போனேன். ஆசிரியை அல்லவா, வரிசையாக அடுக்கி, ஓரத்தில் எண் போட்டு, நூலால் தைத்துக் கொண்டுபோனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் இறப்புச் சான்று எங்கே என்றார். முதல்முறை எழுதிய காகிதத்தில் அது இல்லையே என்றேன். பத்திரம் ஆம்பளை பேரில் இருக்கிறது, மனு பொம்பளை பேரில் இருக்கிறது, அவர் செத்துவிட்டார் என்று ஆபீசுக்கு எப்படித் தெரியும் என்றார். வெள்ளைச் சேலையில் அம்மா அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா இறந்தது மலைக்கு அந்தப் பக்கம், வேறு ராஜ்யத்தில். சான்று அங்கேதான் வாங்க வேண்டும். ஏலக்காய் லோடு ஏற்றப் போகிற ஜீப்பு ஒன்றில் அம்மாவும் நானும் ஏறினோம். ஜீப்பு நின்ற இடத்திலிருந்து தோட்டங்கள் வழியாக நாலு மைல் நடை. மழை பிடித்துக்கொண்டது. ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன, பாதையெல்லாம் அட்டை. அட்டை ஏறாமலிருக்க அம்மா முழங்காலுக்குக் கீழே உப்புத்துணி கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அங்கே கிராம ஆபீசர் ஒரு வயதான மலையாளி. என்னை உட்காரச் சொன்னார், அம்மாவுக்குக் கட்டன்சாயா வரவழைத்தார், பெரிய நோட்டு ஒன்றைப் புரட்டி அப்பாவின் பேரைத் தேடி எடுத்து, அரை மணி நேரத்தில் சான்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். நாங்கள் கேட்காமலே, எங்கே அடக்கம் செய்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதினார். அந்த ஒன்றரை வருடத்தில் எங்களை மனுஷராக நடத்திய ஒரே ஆபீஸ் அதுதான்.

சான்று மலையாளத்தில் இருந்தது. குமாஸ்தா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார். போடித் தபாலாபீசில் வேலை பார்த்த ஒரு மலையாளி மொழிபெயர்த்துக் கொடுத்தார். அது செல்லாது, கோர்ட்டு முத்திரை வேண்டும் என்றார்கள். அதற்கு இரண்டு மாதம் ஆனது. கொண்டுபோய்க் கொடுத்தபோது குமாஸ்தா இன்னொன்று கேட்டார்.

“டீச்சரம்மா, ஒங்க அம்மா மறுகல்யாணம் செஞ்சுக்கிறலன்னு கிராம முன்சீப்புகிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கிட்டு வந்துருங்க.”

அம்மா அருகில் இருந்தாள். ஆபீசில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் அதைக் கிஸ்தி ரசீது கேட்கிற குரலில்தான் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சட்டத்தில் அப்படி இருந்திருக்கலாம். முதல் நாளே காகிதத்தில் எழுதியிருந்தால் நான் சத்தமில்லாமல் வாங்கி வைத்திருப்பேன், அம்மா காதில் அது விழுந்திருக்காது. வீட்டுக்கு வந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு முன்சீப்பு வீட்டுக்கு நீ போ தாயி. நான் வரல” என்றாள்.

நான் போனேன். அவர் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இத்தனை காகிதத்தில் ஒன்றுகூட சித்தப்பாவிடம் கேட்கப்படவில்லை. அவர் ஒரே ஒருமுறை ஆபீசுக்குப் போனதாகச் சொன்னார்.

இனி சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு வரைபடம் போட வேண்டியதுதான் பாக்கி. அளக்க வரும் நாளை முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துச் சொல்வார்கள், இரண்டு பாகஸ்தரும் நிலத்தில் இருக்க வேண்டும் என்று குமாஸ்தாவே சொல்லியிருந்தார். நோட்டீசுக்காகக் காத்திருந்தோம். ஒரு மாதம் கழிந்தது. அம்மா மாட்டுக்குத் தவிடு வாங்கச் சந்தைக்குப் போன ஒருநாள், பக்கத்துப் புஞ்சைக்காரர் எதிரே வந்து, “என்னம்மா, நெலம் அளந்து முடிஞ்சிருச்சு போல” என்று கேட்டிருக்கிறார். முந்தைய வாரம், நான் பள்ளிக்கூடத்திலும் அம்மா ஒரு சாவு வீட்டிலும் இருந்த காலைநேரத்தில், சர்வேயர் அளவுச் சங்கிலி பிடிக்கும் இரண்டு ஆட்களோடு வந்து போயிருக்கிறார். சித்தப்பா கூடவே நின்றிருக்கிறார்.

மறுநாளே நான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டு மத்தியானம் வரை நின்றேன். கடைசியில் சலித்துப்போய் எடுத்துப் போட்டார்கள்.

மெழுகுத் துணியில் கறுப்பு மையில் அழகாக வரைந்திருந்தது. நாலு பக்க எல்லை, ரோடு, மூலைக்கற்கள், சித்தப்பாவின் களத்துமேட்டில் நின்ற புளியமரம்கூட இருந்தது. நடுவில் வடக்குத் தெற்காக ஒரு சிவப்புக் கோடு. நான் கிணற்றைத் தேடினேன். கிணறு இல்லை.

கிணறு எங்கே என்று கேட்டேன். புல வரைபடத்தில் கிணறு காட்ட வேண்டிய அவசியமில்லை என்றார் குமாஸ்தா. புளியமரத்துக்கு இருக்கிற அவசியம் கிணற்றுக்கு இல்லையா என்றேன். ஓரத்தில் எழுதியிருந்த நீளங்களை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மாவும் நானும் நிலத்துக்குப் போனோம். சர்வேயர் அடையாளத்துக்கு அடித்துவிட்டுப் போயிருந்த முளைக்குச்சி, கிணற்றின் மேற்கு விளிம்பிலிருந்து இன்னும் மேற்கே நின்றது. அம்மா கிணற்று நடுவுக்கு நேராக நின்று, அங்கிருந்து முளைக்குச்சி வரை எட்டு வைத்து நடந்தாள். பதினோரு எட்டு. கிணறு முழுவதும், கமலைத் தடம் முழுவதும் சித்தப்பா பக்கம் போயிருந்தது. எங்கள் இரண்டு ஏக்கரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நான் சித்தப்பா வீட்டுக்கு நேராகப் போனேன். அவர் என்னை எதிர்பார்த்தே இருந்தார் என்று நினைக்கிறேன். முதலில், அளந்தது ஆபீசர், நான் என்ன செய்ய முடியும் என்றார். உங்களுக்குத் தெரிந்துதானே கோடு அங்கே விழுந்தது என்று கேட்டேன். பிறகு சொன்னார்: போடியில் மண்டி வைத்திருக்கிற ஒருவர் அவருடைய பாகத்தை வாங்கப் பேசியிருக்கிறார், ஏலக்காய் காயவைக்கக் களமும் சரக்கு வைக்கக் கிட்டங்கியும் போடுவதற்கு.

“பாதிக் கெணறுன்னா வாங்க மாட்டேன்னுட்டாரு தாயி. கெணறு இல்லாத புஞ்சைய யாரு வாங்குவா, நீயே சொல்லு.”

“அப்ப எங்க அம்மா எதவச்சு வெள்ளாம பண்ணும் சித்தப்பா?” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆபீசின் மேல் இருந்த கோபம் ஒரு மாதிரி. இது வேறு மாதிரி. எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதர்.

மறுபடி ஆபீசுக்குப் போனபோது குமாஸ்தா ஓர் ஆட்சேபணை மனு எழுதித் தரச் சொன்னார். அளவு தப்பு என்று வாயால் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வரைபடத்தை நாங்களே போடுவோம் என்று முடிவு செய்தேன். நில அளவைக்கணக்கு பயிற்சிப் பள்ளியில் படித்ததுதான், ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். பள்ளிக்கூடத்து அடிக்கோலை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். சங்கிலிக்குப் பதில் கமலை வடம். அம்மா வடத்தை இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டிருந்தாள், ஈரத்தில் வடம் சுருங்கும், அளவு தப்பும் என்று. ஐந்தடிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. நாலு மூலைக்கல்லும் பழையவை, அசையாதவை. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றுமுறை அளந்தோம். டிராயிங் தாளில் அங்குலத்துக்கு நாற்பது அடி வீதம் போட்டேன். கிணறு, கமலைத் தடம், வாய்க்கால், பத்திரம் சொன்ன நடுக்கோடு எல்லாம் வந்தன. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. சர்வேயரின் வரைபடத்தில் கோடு மேற்கே நகர்ந்திருந்தது, ஓரத்தில் எழுதிய பரப்பு நகரவில்லை. ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்றுதான் இருந்தது. அவர் போட்ட நீளங்களைப் பெருக்கிப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றேமுக்கால்கூடத் தேறவில்லை. அந்தப் பெருக்கலை அந்த ஆபீசில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

என் தாளைக் குமாஸ்தா விரித்துப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மனுவை மட்டும் வாங்கிக்கொண்டு, தாளைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கீக. பள்ளிக்கூடத்துல மாட்டி வைங்க.”

அவர்கள் சிரித்தது வெளியே வாசல்வரை எனக்குக் கேட்டது. பஸ் நிறுத்தம் வரை வேகமாக நடந்தேன். அழுகை இல்லை, வெறும் ஆத்திரம்.

ஆட்சேபணை மனுவுக்கு மூன்று மாதம் பதில் இல்லை. இதற்குள் கிணற்றில் எங்கள் கமலையைப் பூட்ட வேண்டாம் என்று சித்தப்பா ஆள் விட்டுச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. முறைநாளில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் இறைத்தாள். சித்தப்பா எதிரே வந்து நின்றார், ஆனால் மாட்டைத் தொடவில்லை.

அந்த வருடம் ஜமாபந்தி வந்தது. வருடத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தாலுகாவுக்கு வந்து கிராமக் கணக்கைத் தணிக்கை செய்வார், ஜனங்களின் மனுவையும் கையோடு வாங்குவார். எங்கள் கிராமத்துக்கு ஒதுக்கிய நாளில் நாங்கள் போனோம். பந்தல் போட்டிருந்தார்கள். நான் என்ன பேச வேண்டும் என்று நோட்டில் எழுதிப் படித்து வைத்திருந்தேன். எங்கள் முறை வந்தபோது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளே முன்னால் போனாள்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர், களைத்துப் போயிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

“எனக்கு எழுத்துத் தெரியாது ஐயா. எம் புருசன் எழுதிவச்ச பத்திரம் இந்தக் கட்டுக்குள்ள இருக்கு. மூணு நகலு கேட்டாக, குடுத்தோம். அத ஒருக்கா சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நான் கேக்கணும்.”

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். வாசியுங்கள் என்றார். குமாஸ்தா எங்கள் கட்டை அவிழ்த்தார். நான் தைத்த நூல் அப்படியே இருந்தது. வாசிக்க ஆரம்பித்தார். ஊர், பேர், சொத்து விவரம், நாலு எல்லை என்று வேகமாகப் போனார். ‘மேற்படி கிணற்றின் நடுமத்தியை எல்லையாகக் கொண்டு’ என்று வந்த இடத்தில் குரல் தணிந்தது. அடுத்த வரியில் நின்றேவிட்டார்.

“மீதியும் வாசிங்க” என்றாள் அம்மா.

அவர் வாசித்தார். கிணறும் கமலைத் தடமும் இருவருக்கும் என்றென்றைக்கும் பொது. அதிகாரி வரைபடத்தைக் கேட்டார், மேஜையில் விரித்தார். கிணறு எங்கே என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. இந்தமுறை அதற்கு அவசியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் என் தாளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பாகஸ்தரையும் வைத்துக்கொண்டு மறுபடி அளக்கும்படி மனுவின் ஓரத்திலேயே எழுதினார். ஏன் இப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

இந்தமுறை நோட்டீஸ் வந்தது. அதே சர்வேயர்தான் வந்தார். அம்மாவும் நானும் சித்தப்பாவும் நின்றோம். ஒரு பக்கம்தான் சங்கிலி பிடித்தார்கள். மற்றப் பக்கங்களுக்கு சர்வேயர் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தத் தாள் இருக்கிறதா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டார். கொடுத்தேன். வேப்பமர நிழலில் உட்கார்ந்து என் எண்களை அவருடைய புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் புது வரைபடம் வந்தது. என் அளவுகள், என் கிணறு, என் வாய்க்கால். கீழே அவருடைய கையெழுத்து, ஆபீஸ் முத்திரை. முதல்முறை போட்ட வரைபடம் என்ன ஆனது, அதைப் போட்டவருக்கு என்ன ஆனது என்று நான் எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவே இல்லை.

அம்மாவின் பேரில் பட்டா வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொன்னாள். மண்டிக்காரர் விலகிக்கொண்டார். சித்தப்பா பிற்பாடு ராசிங்காபுரத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் நாணயமான மனிதர், முறை வைத்து இறைத்தார். சித்தப்பா அதற்குப்பின் எங்கள் வீட்டுப்படி மிதிக்கவில்லை. அம்மா கருவாட்டுக்குழம்பு வைக்கிற நாளில் சட்டியில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஜமாபந்தியில் நடந்தது ஊருக்குள் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், மடியில் துணியில் சுற்றிய காகிதங்களோடு. பெரும்பாலும் கைம்பெண்கள். நான் வாசித்துச் சொல்வேன், மனு எழுதிக் கொடுப்பேன். சிலருக்குச் சரியானது. மலையடிவாரத்தில் ஓர் ஏக்கர் வைத்திருந்த ஒருத்தி, தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள், உட்பிரிவு ஆர்டரை என்னிடம் நீட்டி, இதில் என் பாதை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். வரைபடத்தில் பாதை இல்லை. அவள் நிலத்துக்கு நாலு பக்கமும் அடுத்தவர் நிலம். பத்திரத்தில் பாதை இருந்தது. மூன்று வருடமாக அவள் பயிர் வைக்கவில்லை. ஆபீசுக்கு எழுதினேன். ஆட்சேபணை சொல்லவேண்டிய கெடு முடிந்துவிட்டது, மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவளுக்கு அதை வாசித்துச் சொன்னேன். கெடு இருக்கிறதென்று தனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டாள்.